"காலி" என்று எழுதிய பெட்டி

(காயல்பட்டினத்தில் சுமைதூக்கும் தொழிலாளர்களும், உப்பள, ஆலை, விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் ஆகாய விமானத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரிப்பது நியாயம்தான். "பஸ் கட்டணத்துக்கே திண்டாடுகிறோம், கூலியைப் பற்றிப் பேசாமல் விமானத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே" என்று நினைக்கிறீர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். நான் பேசப் போவதும் கூலிக்காரனின் உயிரைப் பற்றித்தான்.

இந்த ஊரிலே வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்து போனவர். கொழும்புக்குப் போன காக்காமார் உண்டு. ஹாங்காங், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று பிழைக்கப் போனவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் பாய்மரத்திலும் கப்பலிலும் போனார்கள். இன்று விமானத்தில் போகிறார்கள். நாசரேத்திலிருந்தும் உடன்குடியிலிருந்தும் கொத்தனார் வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போகிற நம்முடைய பிள்ளைகளும் அதே விமானத்தில்தான் போகிறார்கள். அவர்கள் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காலுக்குக் கீழே, விமானத்தின் வயிற்றுக்குள், என்ன இருக்கிறது? பயணிகளின் பெட்டி மட்டும் இருக்கிறதென்று நினைக்காதீர்கள். வியாபாரிகளின் சரக்கும் அங்கே போகிறது. துணி போகிறது, மீன் போகிறது, மருந்து போகிறது. சில சமயம் ரசாயனமும் போகிறது.

அந்தப் பெட்டிக்குள் இருப்பதை விமானி திறந்து பார்ப்பதில்லை. ஏற்றி இறக்குகிற தொழிலாளியும் திறந்து பார்ப்பதில்லை. அவர்கள் நம்புவது ஒரு காகிதத்தை. அந்தக் காகிதம் பொய் சொன்னால் என்ன நடக்கும்? இன்றைக்கு என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

முதலில் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இதை மேடையில் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பத்தாவது பாஸ் செய்துவிட்டு, கட்சி வேலைக்கு வருவதற்கு முன்னால், ஒரு லாரி புக்கிங் ஆபீசிலே பில் எழுதிக்கொண்டிருந்தேன். வயது 17. ஒரு நாள் ஆசிட் கேன்கள் வந்தன. ஆசிட் என்று எழுதினால் தனியாக ஏற்றவேண்டும், வாடகை கூட, கேள்வியும் கூட. முதலாளி சொன்னார்: "சோப்பு சாமான்னு எழுதுடா." நான் எழுதினேன். எழுத்தும் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது.

அங்கே ஒரு அண்ணாச்சி சுமை தூக்கிக்கொண்டிருந்தார். தினமும் எனக்கு டீ வாங்கிக் கொடுப்பவர். பில்லைக் கேட்டார், சோப்பு சாமான் என்றார்கள். சோப்பு சாமானைத் தூக்குவது போலவே தோளில் போட்டுத் தூக்கினார். ஒரு கேனின் மூடி சரியாக இறுகவில்லை. தோளிலிருந்து இடுப்பு வரை ஆசிட் ஓடிவிட்டது. உடனே ஏராளமாகத் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். சோப்பு என்று நினைத்தவர்கள் துணியால் துடைத்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "மேலே பட்டது என்ன?" முதலாளியின் ஆள் பில்லை நீட்டினான். அதிலே என் எழுத்து இருந்தது: சோப்பு சாமான். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்து "ஐயா, அது ஆசிட்" என்று சொல்வதற்கு எனக்குச் சில நிமிஷம் பிடித்தது. வேலை போய்விடுமே என்ற பயம். அந்தச் சில நிமிஷம் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

அண்ணாச்சி பிழைத்தார். ஆனால் அதற்கப்புறம் அந்தத் தோளால் அவர் சுமை தூக்கவில்லை. முதலாளியின் கணக்கில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "கூலியின் கவனக்குறைவு."

தோழர்களே! லாரியில் நான் எழுதிய அந்தப் பொய்யை விமானத்துக்கு எழுதினால் என்ன ஆகும்? எழுதியிருக்கிறார்கள். அதுவும் நம் சென்னைப் பட்டணத்துக்கு வரவேண்டிய சரக்குக்கே எழுதியிருக்கிறார்கள்.

2000-ஆம் வருஷம் மார்ச் 15-ந் தேதி. சீனத் தலைநகர் பீஜிங்கிலிருந்து மலேசியாவின் கோலாலம்பூருக்கு மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று வந்து இறங்கியது. ஏர்பஸ் ஏ-330 என்னும் பெரிய பயணி விமானம். ஜனங்கள் இறங்கிப் போனார்கள். விமானத்தின் வயிற்றில் 80 கேன் ரசாயனம் இருந்தது. கோலாலம்பூரில் இறக்கி அங்கிருந்து சென்னைக்கு அனுப்ப வேண்டிய சரக்கு அது. காகிதத்தில் எழுதியிருந்த பெயர் ஹைட்ராக்சி குவினோலின். அது ஒரு தூள், கட்டிப் பொருள். அதை இறக்குவதற்கு யாரும் தனியாகப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் கேனுக்குள் இருந்தது தூளல்ல. ஆக்சாலில் குளோரைடு என்ற திரவம். உலோகத்தையே அரித்துவிடும். ஈரம் பட்டால் போதும், ஹைட்ரஜன் குளோரைடு, கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுக்களைக் கக்கும். சில கேன்கள் ஒழுகிவிட்டன. சரக்கு இறக்கப் போன தொழிலாளர்கள் 5 பேர் மயங்கிச் சுருண்டார்கள். விமானத்தின் உடலையும், இறக்கை பொருந்துகிற பகுதியையும், சக்கரச் சட்டத்தையும் அந்தத் திரவம் அரித்துத் தின்றது. வாங்கிச் சுமார் ஐந்து வருஷமே ஆன விமானம். இனிப் பழுது பார்த்துப் பயனில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆசிட் பட்ட உடம்புக்கு மருந்து தண்ணீர் என்று சற்று முன்னால் சொன்னேன். ஆனால் இந்தச் சரக்கு ஒழுகிக் கிடக்கிற இடத்தில் தண்ணீரை ஊற்றினால் விஷப் புகை கிளம்பும். ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு ஆபத்து. அப்படியானால் பொருளின் உண்மைப் பெயர் தெரியாதவன் என்ன செய்வான்? காப்பாற்றப் போகிற கையே கொன்றுவிடும். காகிதத்தில் எழுதுகிற பெயர் வரி வசூலுக்காக மட்டும் எழுதுகிற பெயரல்ல. அது உயிர் காக்கிற பெயர்.

கோர்ட்டுக்குப் போனார்கள். 2007 டிசம்பரில் பீஜிங் உயர் மக்கள் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சரக்கை அனுப்பிய சீன தேசிய ரசாயன நிர்மாணக் கார்ப்பரேஷன் சுமார் 6 கோடியே 50 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. அது சீனத்து அரசாங்கக் கம்பெனி. "நம்முடைய மேடையில் இதைச் சொல்லலாமா" என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். ஏன் சொல்லக் கூடாது? காகிதத்தில் பொய் எழுதினால், எழுதியவன் தனியார் முதலாளியாக இருந்தாலென்ன, சர்க்கார் கம்பெனியாக இருந்தாலென்ன, மயங்கி விழுகிறவன் தொழிலாளிதான்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் கேன்கள் கோலாலம்பூரில் ஒழுகாமல் இருந்திருந்தால்? அடுத்துத் தொட்டுத் தூக்கியிருப்பவன் மீனம்பாக்கத்தில் வேலை செய்கிற நம்முடைய தமிழ்நாட்டுத் தொழிலாளி!

சரி, விதி என்று ஒன்று இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உலகம் முழுவதும் ஆபத்தான சரக்கை 9 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். வெடிப்பது, வாயு, தீப்பிடிக்கும் திரவம், தீப்பிடிக்கும் கட்டிப் பொருள், மற்றதை எரியத் தூண்டுவது, விஷம், கதிர் வீசுவது, அரிப்பது, இதிலே சேராத மற்றவை. செல்போன் பாட்டரி கடைசி வகையில் வருகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு இலக்க எண் உண்டு. அனுப்புகிறவன் சிவப்புக் கோடு போட்ட ஓரமுள்ள ஒரு பாரத்தில் பொருளின் சரியான பெயர், எண், அளவு, கட்டிய விதம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். விமானக் கம்பெனியின் ஆள் அதை வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால் திருப்பி அனுப்பலாம். பயணி விமானத்தில் ஏற்றவே கூடாத சரக்குக்குத் தனியாக ஆரஞ்சு வர்ணச் சீட்டு ஒட்டவேண்டும். கடைசியாக, எந்த ஆபத்தான சரக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்று விமானிக்கு எழுத்து மூலமாகக் கொடுக்க வேண்டும். நடுவானில் புகை வந்தால் அவர் தரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டுமல்லவா? நம் நாட்டிலும் 2003-இல் இதற்கென்று தனி விதிகள் போட்டார்கள்.

இந்த விதிகள் சும்மா வந்தவையல்ல. 1973 நவம்பர் 3-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பான் அமெரிக்கன் கம்பெனியின் சரக்கு விமானம் விழுந்தது. உள்ளே நைட்ரிக் ஆசிட் பாட்டில்கள். அவற்றைச் சுற்றி அடைத்திருந்தது மரத்தூள். ஆசிட் ஒழுகி மரத்தூளில் பட்டுப் புகைந்தது. விமானத்தில் இருந்த 3 பேரும் மாண்டார்கள். மரத்தூள் வைத்துக் கட்டக்கூடாது என்று அன்றைக்கும் விதி இருந்தது. விதி புத்தகத்தில் இருந்தது. பெட்டிக்குள் மரத்தூள் இருந்தது.

ஆகவே விதி மட்டும் போதாது. அப்படியானால் பொய் எங்கே நுழைகிறது? அதற்கு அமெரிக்காவிலேயே நடந்த இன்னொரு சம்பவத்தைச் சொல்கிறேன். இதைக் கவனமாகக் கேளுங்கள். ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது உடனே புரியும்.

1996-ஆம் வருஷம் மே 11-ந் தேதி. மயாமி நகரத்திலிருந்து அட்லாண்டாவுக்கு வால்யூஜெட் கம்பெனியின் விமானம் கிளம்பியது. 105 பயணிகள், 5 சிப்பந்திகள். கிளம்பிப் பத்து நிமிஷம் ஆவதற்குள் உள்ளே தீ. விமானம் சதுப்பு நிலத்தில் தலைகீழாகப் பாய்ந்தது. 110 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

தீ எங்கிருந்து வந்தது? சரக்கு அறையில் 5 அட்டைப் பெட்டிகள் இருந்தன. கூட வந்த சீட்டில் "ஆக்ஸி கானிஸ்டர் — காலி" என்று எழுதியிருந்தது. அவை காலியல்ல. ஆபத்து வேளையில் பயணிகளுக்குப் பிராணவாயு கொடுப்பதற்காக விமானத்தின் கூரையில் வைக்கிற குப்பிகள் அவை. உள்ளே ரசாயனம் இருக்கிறது. ஊசியைத் தட்டிவிட்டால் பிராணவாயு வரும். குப்பியும் தீயாகக் கொதிக்கும். தட்டுப்படாமல் இருக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி போடவேண்டும். அந்த மூடியைப் போடவில்லை.

ஏன் போடவில்லை? பழைய குப்பிகளைக் கழற்றிய வேலையைச் சேபர்டெக் என்ற கான்டிராக்ட் கம்பெனியிடம் விமானக் கம்பெனி விட்டிருந்தது. குறித்த தேதிக்குள் முடிக்காவிட்டால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அபராதம். வேலை செய்தவர்களில் பலர் தற்காலிக ஒப்பந்த ஆட்கள். மூடி போடவேண்டும் என்று வேலைச் சீட்டில் இருந்தது; மூடி ஸ்டோரில் இல்லை. ஆனால் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போட்டார்கள்.

பெட்டிகள் ஒரு மூலையில் கிடந்தன. வேறொரு பெரிய விமானக் கம்பெனியிலிருந்து பார்வையிட வருகிறார்கள், இடத்தைச் சுத்தம் செய்யுங்கள் என்று மேலிருந்து உத்தரவு. ஸ்டோரில் இருந்த குமாஸ்தா பெட்டிகளைக் கட்டினார். குப்பிகளில் இருந்த பச்சைச் சீட்டைப் பார்த்து அவை தீர்ந்துபோனவை என்று நினைத்துக்கொண்டார். அது தவறு என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "காலி" என்று சீட்டு எழுதினார்கள். விமானத்தருகே அந்தச் சீட்டைச் சரக்கு ஏற்றுகிறவரும் பார்த்தார், துணை விமானியும் பார்த்தார். "காலிதானே" என்று ஏற்றிக்கொண்டார்கள். ஆபத்தான சரக்கை ஏற்றவே அந்த விமானக் கம்பெனிக்கு அனுமதி கிடையாது. பக்கத்தில் மூன்று டயர்களும் வைத்தார்கள்.

பாருங்கள் தோழர்களே! இதில் தனியாக ஒரு கொலைகாரன் இல்லை. ஒருவன் போட்ட கையெழுத்து, ஒருவன் எழுதிய "காலி", ஒருவன் கேட்காத கேள்வி. எல்லாம் சின்னச் சின்னப் பிழை. ஆனால் அந்தப் பிழைகளைப் பிடித்துத் தள்ளியது எது? அவசரம். அபராதம். மூடி வாங்காத சிக்கனம். சொல்லிக்கொடுக்காத அலட்சியம். இவையெல்லாம் தொழிலாளி செய்தவையா?

மயாமி ஆலையில் நடந்ததை நம் ஆலையிலே நீங்கள் பார்த்ததில்லையா? மெஷினுக்குக் காப்பு மூடி இல்லை. ஆனால் மூடி இருப்பதாக ரிஜிஸ்டரில் கையெழுத்து இருக்கிறது. வயலில் பூச்சிமருந்து அடிக்கிற தோழருக்குக் கையுறை இல்லை. டப்பாவின் மேலே கையுறை போடு என்று அவர் படிக்க முடியாத பாஷையில் எழுதியிருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். விமானம் விழுந்தால் உலகம் திரும்பிப் பார்க்கும். கை போனால் பக்கத்து வீடு மட்டும் அழும்.

அமெரிக்க சர்க்காரின் விசாரணைக் குழு 1997-இல் அறிக்கை கொடுத்தது. சேபர்டெக், வால்யூஜெட், இவர்களை மேற்பார்வை செய்ய வேண்டிய சர்க்கார் இலாகா, மூன்றின் மீதும் குற்றம் சொன்னது. தீயை அறியும் கருவி இல்லாத அப்படிப்பட்ட சரக்கு அறைகளில் கருவி வைக்க வேண்டும் என்று அதற்கப்புறம் உத்தரவு வந்தது. 110 பேர் செத்த பிறகு!

கிரிமினல் வழக்கும் நடந்தது. கம்பெனியோடு சேர்த்துத் தொழிலாளர்களையும் கூண்டில் ஏற்றினார்கள். 1999-இல் ஜூரிகள், கோர்ட்டுக்கு வந்த இரண்டு ஊழியர்களையும் விடுதலை செய்து கம்பெனியைக் குற்றவாளி என்றார்கள். கம்பெனி அப்பீல் போனது. 2001-இல் மேல் கோர்ட்டு பெரும்பாலான குற்றச்சாட்டுகளைத் தள்ளிவிட்டது. கடைசியில் நிலைத்தது எந்தக் குற்றம் தெரியுமா? ஒன்றே ஒன்று. ஆபத்தான சரக்கைப் பற்றித் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை என்ற குற்றம்!

இந்த ஒரு தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "கூலியின் கவனக்குறைவு" என்று நம் ஊர்க் கணக்கில் எழுதுகிறார்களே, அதற்குப் பதில் இதுதான். சொல்லிக்கொடுக்காதவன், "நீ ஏன் தெரிந்துகொள்ளவில்லை" என்று கேட்க முடியாது.

ஆகவே நாம் என்ன கேட்க வேண்டும்?

முதலாவது, பயிற்சி. ஆபத்தான சரக்கு பற்றி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பயிற்சி தரவேண்டும் என்று உலக விதியே சொல்கிறது. அது ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமல்ல. ஏற்றி இறக்குகிறவருக்கும் உண்டு. நம் விமான நிலையங்களில் இந்த வேலையில் பெரும்பகுதி இன்றைக்கு ஒப்பந்தக் கம்பெனிகளின் கையில் இருக்கிறது. ஆள் மாறிக்கொண்டே இருக்கிறான். நேற்று வந்தவனுக்கும் பயிற்சி வேண்டும். அது அவனுக்குப் புரிகிற பாஷையில் வேண்டும். வாகைக்குளம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புதிய கட்டடம் திறந்தார்கள். நம்முடைய பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போவார்கள். போகிற பிள்ளையிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, "உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்" என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, மறுக்கும் உரிமை. பெட்டி ஒழுகினால், நாற்றம் அடித்தால், சீட்டுக்கும் பெட்டிக்கும் பொருந்தாவிட்டால், "நான் தூக்கமாட்டேன், மேலதிகாரியைக் கூப்பிடு" என்று சொல்கிறவனுக்கு அன்றைய கூலி பிடிக்கக் கூடாது. அவன் தூக்க மறுத்த அந்த ஒரு நிமிஷம் மேலே உட்கார்ந்திருக்கிற நூறு பேரைக் காப்பாற்றும்.

மூன்றாவது, தண்டனை பொய்யை எழுதச் சொன்னவனுக்குப் போகவேண்டும். வாடகையை மிச்சம் பிடித்தவன் யாரோ அவனைத் தேடிப் பிடிக்க வேண்டும். எழுதிய பையனையும் தூக்கிய கூலியையும் பலிகொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்கக் கூடாது.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. அதையும் சொல்லாமல் விடக் கூடாது. ஊருக்குப் போகிற பிள்ளையின் பெட்டியில் பட்டாசோ, தீப்பெட்டியோ, அடுப்பு கேஸோ வைத்து அனுப்பாதீர்கள். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற பவர் பாங்கைச் சரக்கில் போகிற பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே புகைந்தால் அணைக்க ஆள் இருக்கிறது. வயிற்றுக்குள் புகைந்தால் யார் பார்ப்பது? "இந்தப் பார்சலை மட்டும் கொண்டுபோ, உள்ளே வீட்டுச் சாமான்தான்" என்று முன்பின் தெரியாதவன் நீட்டினால் வாங்காதீர்கள். "வீட்டுச் சாமான்" என்பதும் "சோப்பு சாமான்" மாதிரி ஒரு சொல்தான்.

நமக்குள்ளே பில் எழுதுகிறவர்கள், டாலி எழுதுகிறவர்கள், புக்கிங் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். பத்தாவது படித்த பிள்ளைகள். உங்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் பேனா சின்னது என்று நினைக்காதீர்கள். நீங்கள் எழுதுகிற சொல்லை ஒருவன் தோளில் வைத்துத் தூக்குகிறான். பொய் எழுதச் சொன்னால், தனியாக நின்று மறுப்பது கஷ்டம். எனக்குத் தெரியும், நான் மறுக்கவில்லை. அதற்காகத்தான் சங்கம். தனி ஆளாக இருந்தால் "எழுதுடா" என்பான். பத்துப் பேராக நின்றால் "என்ன எழுதலாம்?" என்று கேட்பான்.

அந்த அண்ணாச்சியைப் பல வருஷம் கழித்துப் பார்த்தேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, "தம்பி, டீ குடிக்கிறியா?" என்று கேட்டார். நான் அந்தப் பில்லைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் சொன்னார்: "நீ சின்னப் பையன், என்ன செய்வே? ஆனா ஒண்ணு தம்பி. ஆசிட்னு எழுதியிருந்தா நான் தூக்காம விட்டிருக்க மாட்டேன்; கூலி வேணுமே. தோள்ல வைக்காம, கீழே பிடிச்சு, இன்னொரு ஆளோட தூக்கியிருப்பேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான், தோழர்களே! தொழிலாளி வேலையிலிருந்து தப்பிக்க உண்மையைக் கேட்கவில்லை. வேலையை உயிரோடு முடிக்கக் கேட்கிறான். பெட்டியின் மேலே உண்மையை எழுதுங்கள் என்று கேட்போம். லாரியானாலும், கப்பலானாலும், விமானமானாலும் கேட்போம்; கிடைக்கிற வரையில் கேட்போம்.